மெட்டி ஒலி பழைய கசட்டும் வீசீடியும்: பூஞ்சணம் பிடிச்சதைத் திரும்ப ஓடவிடலாமோ?

ஒட்டுசுட்டான்_கிளி:

வணக்கம். வீட்டில கிடக்கிற மெட்டி ஒலி நாடகப் பதிவுகளைப் பெரியாக்கள் திரும்பப் பார்க்கிறமாதிரி பென்ட்ரைவில ஏத்தவேணும். இருக்கிறது: லண்டனில ரீவியில இருந்து பதிஞ்ச ஈ-180 கசட் 11, கனடாவில பதிஞ்ச ரி-120 கசட் 3, பேனையால எழுதின வாடகைக்கடை வீசீடி ஒரு 60.

எல்லாம் பிளாஸ்ரிக் வாளிக்குள்ள மூடி மண்ணுக்குள்ள இருந்து எடுத்தது. 6 கசட்டில ஜன்னலுக்குள்ளால பார்க்கச் சுருளின்ர விளிம்பில வெள்ளைப் பூ மாதிரிப் படிஞ்சிருக்கு. 2 கசட்டை ஆட்டினா உள்ளுக்க மணல் கிலுகிலுக்குது. மற்றது வெளிப்பார்வைக்கு நல்லம். டெக் (கசட் ஓட்டுற பெட்டி) ஒண்டு இருக்கு, கறண்ட் குடுத்தா லைட் எரியுது. இன்னும் கசட் ஒண்டும் போடேல்ல.

அரிசிக்குள்ள புதைச்சு வைச்சா ஈரம் இழுக்கும் எண்டு சொல்லீனம், சரியோ? எதில தொடங்கிறது?

கனகராயன்:

கசட் போடாமல் முதல் கேட்டீங்களே, பாதி வேலை அதிலயே தப்பீட்டுது. வெள்ளைப் பூ பிடிச்ச ஒரு கசட்டைப் போட்டா அந்தப் பூஞ்சணம் டெக்கின்ர ட்றம் (ரேப்பை வாசிக்கிற, சுத்துற உருளை) முழுக்க அப்பும். பிறகு போடுற நல்ல கசட்டுக்கும் அது ஏறும்.

அரிசி வேண்டாம். அரிசித் தவிடும் மாவும் ரேப்பின்ர மடிப்புக்குள்ள போனா மணலைவிடக் கரைச்சல், பூஞ்சணத்துக்குத் தீனியும் அதுதான். சப்பாத்துப் பெட்டி, மருந்துப் போத்தலுக்குள்ள வாற சிலிக்கா ஜெல் பைகளைச் சேருங்கோ. மூடி இறுகிற ஒரு பிளாஸ்ரிக் டப்பாவுக்குள்ள கசட்டுகளை நிமிர்த்தி அடுக்கி, பையளையும் போட்டு ஒரு கிழமை விடுங்கோ. காய்ஞ்ச பூஞ்சணம் பொடியா உதிரும், ஈரமா இருந்தா பசை மாதிரி இழுபடும். வெயிலில காயவைக்கக்கூடாது. கசட் கோது வளைஞ்சா உள்ளுக்க சுருள் உரசும். மாரி மழை நேரத்தில இந்த வேலையைத் தொடாதேங்கோ, மாசி பங்குனிக்குப் பிறகு எங்கட பக்கம் காத்தே பாதி உலர்த்தித் தரும்.

அதுக்கும் முதல் ஒரு வேலை. ஒவ்வொரு கசட்டின்ர முதுகுப் பக்க மூலையிலயும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் நாக்கு இருக்கும். அதை ஸ்குறூ றைவரால உடைச்சு விடுங்கோ. நாக்கு இல்லாட்டி டெக் றெக்கோர்ட் பண்ணாது, கை மாறி பட்டன் அமத்தினாலும் அழியாது. ஏற்கனவே உடைச்சு செலோரேப் ஒட்டி இருந்தா அந்தச் செலோரேப்பை உரியுங்கோ.

கனடாக் கசட் மூண்டையும் தனியா எடுத்து வையுங்கோ. அது என்ரிஎஸ்சி எண்ட வட அமெரிக்க ரீவி முறை: 525 வரி, செக்கனுக்கு 29.97 படம். லண்டன் கசட் எங்கட மாதிரியே பால் (குடிக்கிற பால் இல்லை): 625 வரி, 25 படம். பால் மட்டும் தெரிஞ்ச டெக்கில என்ரிஎஸ்சி கசட் போட்டா படம் உருளும், நிறம் வராது, சத்தம் இழுபடும். கசட் பழுது எண்டு நினைச்சு எறிஞ்சுபோடுற ஆக்கள் இருக்கினம். மத்திய கிழக்கில இருந்து வந்த மல்ரி சிஸ்டம் டெக்குகள் எல்லாத்தையும் ஓட்டும். உங்கட டெக்கின்ர முகப்பில இல்லாட்டிப் பின்பக்க லேபிளில என்ரிஎஸ்சி எண்டு அடிச்சிருக்கோ பாருங்கோ.

பாலைப்பழம்:

ஒரு கணக்குச் சொல்லுறன். நாடகம் 2002 இல தொடங்கி 2005 இல முடிஞ்சது, 800 பாகத்துக்கு மேல. ஈ-180 எண்டா சாதாரண வேகத்தில 3 மணித்தியாலம். விளம்பரத்தோட அரை மணிக்கு ஒரு பாகம் எண்டா கசட்டுக்கு 6, 11 கசட்டில 66. ரி-120 இரண்டு மணித்தியாலம், 4 படி 3 கசட்டில 12. வீசீடி ஒண்டு 74 நிமிசம், விளம்பரம் வெட்டின பாகம் 3 கொள்ளும், 60 தட்டில 180. மொத்தம் 258. நாடகத்தின்ர மூண்டில ஒரு பங்கும் இல்லை. எல்பி எண்ட பாதி வேகத்தில பதிஞ்சிருந்தா கசட் கணக்கு இரட்டிக்கும், அப்பவும் முழுசு ஆகாது.

2020 ஊரடங்கு நேரம் சன் ரீவி இதைத் திருப்பிப் போட்டது. நாடகம் பார்க்கிறதுதான் நோக்கம் எண்டா மணல் கிடக்கிற கசட்டோட மல்லுக்கட்டத் தேவையில்லை. கசட்டில வேற என்ன இருக்கு எண்டதைப் பொறுத்து முடிவெடுங்கோ. அந்த நாளையில ஒரு கசட்டில நாடகம் முடிஞ்ச மிச்சத்தில கலியாணமோ சாமத்திய வீடோ கிடக்கும்.

டெக்_மேசை:

பாலைப்பழம் சொன்னது சரி, ஆனால் உள்ளுக்க என்ன இருக்கு எண்டு பார்க்கவே துப்பரவாக்கத்தானே வேணும். மணல் கசட்டில இருந்து தொடங்குறன்.

கசட்டைக் கவிழ்த்தா அடியில 5 ஸ்குறூ. நட்சத்திரத் தலை றைவரால கழட்டி, இரண்டு பாதியையும் கையால சேர்த்துப் பிடிச்சபடி நிமிர்த்தி, பிறகுதான் மேல் மூடியைத் தூக்கவேணும். கவிழ்ந்த நிலையில திறந்தா சுருள் இரண்டும் மடியில விழும். திறந்த உடன ஒரு போட்டோ எடுங்கோ. சுருளைப் பூட்டி வைச்சிருக்கிற இரண்டு சின்னக் கொளுக்கியும் அதின்ர மயிரிழை ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும், ஓடினா சிமெந்து நிலத்தில பிடிக்கேலாது. வெள்ளைத் துணி விரிச்ச மேசையில செய்யுங்கோ.

மணல் வந்த கோதை மினக்கெட்டுத் துடைக்காதேங்கோ. தேவையில்லாத வேற ஒரு கசட்டைத் திறந்து, அதின்ர சுருளை எடுத்துப்போட்டு, உங்கட சுருள் இரண்டையும் அந்தக் கோதுக்குள்ள மாத்துங்கோ. மாத்த முதல் சுருளின்ர இரண்டு பக்கத்தையும் காய்ஞ்ச மெல்லிய பெயின்ற் பிரஷால, நடுவில இருந்து வெளிய பார்த்துத் தட்டிவிடுங்கோ. வாயால ஊதக்கூடாது, எச்சில் ஈரம் போகும். ரேப்பைத் தொடவே கூடாது, சுருளின்ர நடுப் பல்லில மட்டும் விரல் வையுங்கோ. முன் கதவைத் தூக்கினா வெளிய பார்த்து நிக்கிற முகம்தான் காந்தப் பூச்சு. விரல் எண்ணெய் பட்ட இடத்தில படத்தில வெள்ளைக் கோடு விழும்.

அடுத்தது பூஞ்சணம். வெளி விறாந்தையில, காத்துக்கு எதிர்ப்பக்கம் நிண்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுச் செய்யுங்கோ. இழுப்பு உள்ள ஆக்களைக் கிட்ட விடாதேங்கோ. மேல் மூடி இல்லாத நிலையில முன் கதவுப்பக்கம் தெரியிற ரேப்பை மைக்ரோஃபைபர் துணியால மடிச்சுப் பிடிச்சு (அமத்தாமல், ரேப் நழுவவேணும்) மற்றக் கையால வலப்பக்கச் சுருளைச் சுத்துங்கோ. ஒரு ஈ-180 கசட்டில 258 மீற்றர் ரேப். கையால சுத்த ஒரு மணித்தியாலம் போகும், அவசரப்பட்டா முறுகும். முதல் சுத்து உலர் துணியால, இரண்டு மூண்டு மீற்றருக்கு ஒருக்கால் துணியின்ர முகத்தை மாத்துங்கோ. வெள்ளை இன்னும் இருந்தா இரண்டாம் சுத்துக்கு 99% ஐசோபுறோப்பைல் அல்ககோல், துணியில ஈரம் தெரியாத அளவுக்கு. ரேப் உலர்ந்தபிறகுதான் சுருளில ஏறவேணும். ஈரத்தோட ஏறினா மடிப்புகள் ஒட்டும், பிறகு பூச்சு உரிஞ்சுதான் வரும்.

பாமசியில வாங்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சரிவராது. அதில எண்ணெய்ப் பொருளும் தண்ணியும் கலந்திருக்கும், பசை மிஞ்சும். நெயில் பொலிஷ் அழிக்கிற அசற்றோன் பிளாஸ்ரிக்கையே கரைக்கும்.

ரேப் அறுந்திருந்தா செலோரேப் ஒட்டாதேங்கோ, அதின்ர பசை வெக்கைக்கு இளகி வெளிய வந்து ஹெட்டில (ட்றம்மில இருக்கிற, ரேப்பை வாசிக்கிற முனை) அப்பும். ஸ்பிளைசிங் ரேப் எண்டு தனியா இருக்கு. இரண்டு முனையையும் நேராகச் சேர வெட்டி, உட்பக்க முகத்தில, அதாவது பூச்சில்லாத பக்கத்தில ஒட்டுங்கோ. கசங்கின துண்டை வெட்டி எறியலாம். ஒரு சாண் போனா நாடகத்தில பத்துச் செக்கன்.

வட்டுவாகல்:

அண்ணை, ஒரு சாண் எண்டா 20 சென்ரிமீற்றர் அளவு. பால் கசட் சாதாரண வேகத்தில செக்கனுக்கு 2.3 சென்ரிமீற்றர் ஓடும். ஒன்பது செக்கனுக்குக் கிட்ட. உங்கட கணக்கு நல்ல கணக்குத்தான். மாமியார் ஒருக்கால் திரும்பிப் பார்க்கிறதுக்கே அந்த நாடகத்தில அவ்வளவு நேரம் எடுக்கும்.

ஒட்டுசுட்டான்_கிளி:

மிச்சம் நன்றி. நல்ல கசட்டில ஒண்டைப் போட்டுப் பார்த்தம். படம் வருது. ஆனால் (1) அடியில ஒரு விரல் அகலத்துக்குப் படம் கிழிஞ்சமாதிரி ஆடுது. (2) ஒரு இடத்தில சத்தம் அடைச்சு வருது, படம் நல்லம். வேற இடத்தில சத்தம் சரி, படம் துள்ளுது. (3) மலிவான யூஎஸ்பி கப்சரில (டெக்கையும் லப்ரொப்பையும் இணைக்கிற வயர்க் கருவி) லப்ரொப்புக்கு ஏத்தினா முதல் பத்து நிமிசம் சரி, பிறகு வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். உர்ர்ர் எண்டு ஒரு இரைச்சலும் இருக்கு.

டெக்_மேசை:

(1) பழுதில்லை. ட்றம்மில இரண்டு ஹெட் மாறி மாறி வாசிக்குது, மாறுற இடம் படத்தின்ர கடைசிச் சில வரியில விழும். பழைய ரீவிப்பெட்டி அந்த ஓரத்தை மறைச்சுப்போடும், கொம்பியூற்றர் முழுசையும் காட்டுது. மூலப்பிரதியில வெட்டாமல் விடுங்கோ, பென்ட்ரைவுப் பிரதியில கறுப்புப் பட்டை வைச்சு மறைக்கலாம்.

(2) ரேப்பின்ர மேல் விளிம்பில சத்தம், கீழ் விளிம்பில கட்டுப்பாட்டுத் தடம், நடுவில படம். மேல் விளிம்பு மடிஞ்சா சத்தம் அடைக்கும். கீழ் விளிம்பு போனா டெக்குக்கு எந்த வேகத்தில ஓடுறது எண்டு தெரியாது, படம் துள்ளும். பூஞ்சணம் விளிம்பில இருந்து உள்ளுக்க போறபடியால் இந்த இரண்டும்தான் முதல் அடிபடும். ட்றக்கிங் பட்டனை (ஹெட்டைப் படத் தடத்துக்கு நேராக்கிறது) கையால மெல்ல மாத்திப் பாருங்கோ, தானியங்கி ட்றக்கிங்கை நம்பாதேங்கோ. அதோட சத்தம் அடைச்ச இடத்தில டெக்கில ஹைஃபை இருக்கோ பாருங்கோ. பதிஞ்ச டெக்கும் ஹைஃபை எண்டா அந்தச் சத்தம் படத்தோட சேர்ந்து நடுவில கிடக்கும், விளிம்பு போனாலும் தப்பும்.

ஹெட் துடைக்கிற விசயம்: கறண்டைக் கழட்டிப்போட்டு மூடியைத் திறவுங்கோ. வெள்ளைக் கடதாசித் துண்டு ஒண்டை அதே அல்ககோலில நனைச்சு, வெள்ளி நிற ட்றம்மில அசையாமல் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால ட்றம்மின்ர உச்சியைப் பிடிச்சு நாலைஞ்சு சுத்துச் சுத்துங்கோ. கடதாசியை மேலும் கீழும் அசைச்சா ஹெட் முனை உடையும், உடைஞ்சா ட்றம் முழுக்க மாத்தவேணும். பஞ்சுக்குச்சியும் வேண்டாம், நார் ஹெட்டில கொளுவும். றப்பர் உருளையை மட்டும் சவர்க்காரத் தண்ணித் துணியால துடைச்சுக் காயவிடுங்கோ, அல்ககோல் றப்பரை நாளடைவில இறுக்கும். பூஞ்சணக் கசட் ஒண்டு ஓடி முடிய ஒவ்வொருக்காலும் இதைச் செய்யுங்கோ.

கனகராயன்:

(3) ஐ நான் சொல்லுறன். பழைய கசட்டில இருந்து வாற சிக்னல் ஒரு வரி கூட, ஒரு வரி குறைய எண்டு ஆடிக்கொண்டு வரும். ரீவி அதைப் பொறுக்கும், மலிவான கப்சர் பொறுக்காது, படத்தை விழுத்திப்போட்டுத் தொடரும். சத்தம் விழாது. விழுந்த படங்கள் சேரச் சேர இடைவெளி கூடும். செய்யவேண்டியது:

சத்தத்தை லப்ரொப்பின்ர மைக் ஓட்டையால எடுக்காமல் அதே கப்சர் வயராலேயே எடுங்கோ. இரண்டு கருவிக்கு இரண்டு மணிக்கூடு, ஒத்துவராது.

லைன் இன் உள்ள பழைய டீவீடி றெக்கோடர் ஆரிட்டயும் இருந்தா டெக்கில இருந்து அதுக்குள்ள விட்டு, அதின்ர வெளியீட்டைக் கப்சருக்குக் குடுங்கோ. பதியத் தேவையில்லை, சும்மா ஊடால போனாலே பல மொடல்கள் சிக்னலைத் திருத்தி நேர்ப்படுத்தும். இந்த ஒரு மாற்றம் பத்து மென்பொருளுக்குச் சமன்.

கப்சர் மென்பொருளில பால் பி எண்டு தெரிவு செய்யுங்கோ, 720க்கு 576, செக்கனுக்கு 25. ஓபிஎஸ் எண்ட மென்பொருள் பாவிச்சா செக்கனுக்கு 50 எண்டு வைச்சு, டீஇன்ரர்லேஸ் யாடிஃப் 2x போடுங்கோ. 25 இல விட்டா அசைவு பாதியாப் போய், ஆக்கள் நடக்கேக்க இழுத்து இழுத்து நடப்பினம். தரம் இழக்காமல் அழுத்தின (லொஸ்லெஸ்) மூலப்பிரதி மணிக்கு 30 ஜீபி அளவில தின்னும், ஒரு ஈ-180க்கு 90. இடம் இல்லாட்டி எச்264 இல செக்கனுக்கு 10 மெகாபிட் குடுங்கோ, மணிக்கு 4.5 ஜீபி, ரீவி நாடகத்துக்குக் காணும். உள் டிஸ்க்கில எழுதுங்கோ, பென்ட்ரைவுக்கு நேர எழுதினா திரும்பவும் படம் விழும்.

உர்ர்ர் சத்தம்: லப்ரொப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்கோ. நிண்டா அது ஏர்த் சுழல் (இரண்டு கருவியின்ர ஏர்த் வழியாலயும் கறண்ட் சுத்துறது). டெக், லப்ரொப் எல்லாத்தையும் ஒரே பலகை பிளக்கில இருந்து குடுங்கோ. பின்னேரம் வோல்ற்றேஜ் இறங்கிற ஊர் எண்டா டெக்குக்கு யூபிஎஸ் போடுங்கோ. ஓடிக்கொண்டிருக்கேக்க கறண்ட் போனா ரேப் ட்றம்மில சுத்தினபடி நிக்கும், அப்ப கசட்டை இழுத்தா அறும். கறண்ட் வரும்வரை பொறுத்து, தானே வெளிய தள்ள விடுங்கோ.

கனடாக் கசட்டுக்கு: மல்ரி சிஸ்டம் டெக் வெளிய விடுறது தூய என்ரிஎஸ்சி இல்லாமல் என்ரிஎஸ்சி 4.43 ஆகவோ பால் 60 ஆகவோ இருக்கலாம். படம் கறுப்பு வெள்ளையா வந்தா கப்சர் அமைப்பில இந்த இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பாருங்கோ.

பாலைப்பழம்:

வீசீடியை ஒருத்தரும் தொடேல்ல. அதுதான் உங்களிட்ட கூட இருக்கு, வேலையும் சுகம்.

தட்டைத் திறந்தா எம்பெக்ஏவி எண்ட ஃபோல்டருக்குள்ள டேட் எண்டு முடியிற ஃபைல் இருக்கும். அது எம்பெக் 1 படம், 352க்கு 288, வெளியால ஒரு உறை மட்டும். திரும்ப அழுத்தாதேங்கோ, இருக்கிற தரமே கொஞ்சம். உறையை மட்டும் கழட்டி எம்பிஜி ஆக்கினாக் காணும், எஃப்எஃப்எம்பெக் எண்ட மென்பொருளில கொப்பி முறையில போட்டா ஒரு தட்டு ஒரு நிமிசம்.

கொப்பி பண்ணேக்க இடையில எறர் வந்து நிண்டா: வீசீடியின்ர படப் பகுதியில சாதாரண டேட்டா சீடியில இருக்கிற மேலதிகப் பிழைதிருத்தம் இல்லை. அந்த இடத்தையும் படத்துக்கே குடுத்துத்தான் 74 நிமிசத்தைத் திணிச்சது. அதால சின்னக் கீறலுக்கும் விண்டோஸ் கைவிடும். ஐசோபஸ்டர் மாதிரி, வாசிக்கேலாத இடத்தைத் தாண்டிப் போற மென்பொருள் பாவியுங்கோ, ஒரு செக்கன் கட்டம் கட்டமாத் தெரியும், மிச்சம் வரும். றைவ் வேகத்தை 4 மடங்குக்கு இறக்குங்கோ. ஒரு றைவ் வாசிக்காததை வேற றைவ் வாசிக்கும்.

கழுவுறது எண்டா நடுவில இருந்து விளிம்புக்கு நேர் கோட்டில துடைக்கவேணும், வட்டமாத் துடைச்சா கீறல் தடத்தோட சேர்ந்து போகும். அடிப்பக்கக் கீறலுக்குப் பயப்பிடாதேங்கோ, 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் இருக்கு. பேனையால எழுதின மேல்பக்கம்தான் ஆபத்து, வெள்ளிப் படலம் அதுக்கு நேர கீழ. வெளிச்சத்துக்குப் பிடிச்சு ஊசித்துளை தெரிஞ்சா அந்த இடம் முடிஞ்சது. ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தா உரிக்காதேங்கோ, படலத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

இலக்கம் இல்லாத தட்டுகளை அடுக்க: சிதம்பரத்தின்ர ஐஞ்சு பெண்பிள்ளையளில ஆற்ற கழுத்தில தாலி ஏறீட்டுது எண்டு பாருங்கோ, அதுவே நல்ல மணிக்கூடு. லண்டன் கசட்டில தீபாவளி, பொங்கல் விளம்பரம் விழுந்திருந்தா மாதமும் பிடிபடும். அதுக்காகவே மூலப்பிரதியில விளம்பரத்தை வெட்டாதேங்கோ.

ஒட்டுசுட்டான்_கிளி:

பாலைப்பழம் சொன்னது நடந்தே போச்சு. மணல் கிடந்த கசட் ஒண்டு, கோது மாத்தி ஓடவிட, நாடகம் 2 மணி 10 நிமிசத்தில முடிஞ்சு, கொஞ்சம் மழை இரைச்சல், பிறகு ஒரு சாமத்திய வீடு: ஆலாத்தி எடுக்கிற இடத்தில இருந்து. அதுக்கு முதல் நடந்த பகுதி, தண்ணி வார்த்தது எல்லாம், நாடகத்துக்குக் கீழ இருக்கோ? எடுக்கேலுமோ?

டெக்_மேசை:

கீழ எண்டு ஒண்டும் இல்லை. றெக்கோர்ட் பண்ணேக்க, ட்றம்முக்கு முதல் ஒரு அழிக்கிற ஹெட் ரேப்பின்ர முழு அகலத்தையும் அழிச்சுக்கொண்டு வரும், படம் எழுதுறது அதுக்குப் பிறகு. 2 மணி 10 நிமிசம் வரை இருந்தது போனதுதான். மீட்டுத் தாறம் எண்டு ஆரும் காசு கேட்டா குடுக்காதேங்கோ.

நாடகம் தொடங்கிற முதல் சில செக்கனை மட்டும் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாருங்கோ. அழிக்கிற ஹெட்டுக்கும் ட்றம்முக்கும் இடையில கிடந்த துண்டு ரேப் அழியாமல் நாடகம் மேல ஏறியிருக்கும். வானவில் நிறத்தில ஒரு கலங்கல் தெரியும், அதுக்குள்ள முந்தின படத்தின்ர நிழல் சில வேளை நிக்கும்.

மிச்சம் இருக்கிற 50 நிமிசத்தைத் தரம் இழக்காத முறையிலேயே ஏத்துங்கோ, 25 ஜீபி. ரேப் முடியிற இடத்தில கண்ணாடி மாதிரித் துண்டு வரும்வரை ஓடவிடுங்கோ. பிறகு கடைசிவரை றிவைண்ட் பண்ணி, புதுக் கோதின்ர நாக்கையும் உடைச்சு வையுங்கோ. கோது மாத்தினதில பழைய உடைப்பு அந்தக் கோதோட போயிருக்கும்.

ஒட்டுசுட்டான்_கிளி:

உடைக்கேல்ல. இப்பதான் பார்த்தன், நாக்கு முழுசா நிக்குது. றைவர் எடுக்கப் போறன்.